விழுந்தது யார் கணக்கு

கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை. ட்ரோன் ரிமோட்டின் வார் உரசிய இடம் கழுத்தில் எரிந்தது. பஸ் வந்தது, கை காட்டவில்லை. உட்கார்ந்தால் மதியம் நடந்தது முழுக்கத் திரும்ப வரும்.

வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனில் வேலை. ஓட்டுவதற்கான சான்றிதழ் அம்மையார்குப்பத்து நெசவாளர் வீட்டுப் பெண்ணிடம் இருந்தது. நான் பேட்டரி மாற்றுவேன், மருந்து கலப்பேன். சான்றிதழுக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். நான் எட்டோடு நின்றவன். பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றேன். என்னிடம் கொடுக்கக் கூடாதென்று இருவருக்கும் தெரியும். அவசரத்துக்குக் கொடுப்பாள். பறந்த நேரம் அவள் பெயரில் ஏறும்.

"ஓட்டுறது நானு, நேரம் உனக்காமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாரு கையில இருக்குதுன்றது கணக்கில்லண்ணா. யாரு பொறுப்புன்றதுதான் கணக்கு. நேரம் வேணும்னா விழுறதையும் சேத்து வாங்கிக்கோ."

ரிமோட் கைமாறும்போது கொடுப்பவர் 'விட்டேன்' என்றும் வாங்குபவர் 'வாங்கினேன்' என்றும் சொல்லியாக வேண்டும். அது அவள் வைத்த பழக்கம்.

அன்று மதியம் வயல்காரர் வரப்பிலிருந்து கூப்பிட, என் கழுத்தில் ரிமோட்டை மாட்டிவிட்டுப் போனாள். மலைப் பக்கத்திலிருந்து காற்று கிளம்பியது. பக்கத்து வயலில் களையெடுத்தவர்களை முன்பே அனுப்பியிருந்தோம். ஒருத்தி மட்டும் தூக்குவாளியை எடுக்கத் திரும்பி வந்தாள். ட்ரோன் அவள் பக்கம் சாய்ந்தது. நான் மேலே இழுத்தேன். வரப்பிலிருந்து ஓடி வந்த நெசவாளர் வீட்டுப் பெண் என் விரல்கள் மேலேயே விரல் வைத்துப் பின்னால் இழுத்தாள். 'விட்டேன்', 'வாங்கினேன்' இரண்டையும் யாரும் சொல்லவில்லை. ட்ரோன் ஒரு சுற்றுச் சுற்றி, களையெடுப்பவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சேற்றில் விழுந்தது.

அவள் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். "களையெடுக்க வந்தவளையே எடுத்துடப் பாத்தீங்களா?"

ட்ரோன் முதலாளி பைக்கில் வந்தார். உடைந்த இறக்கையைப் பார்த்தார், பிறகு என் கழுத்தைப் பார்த்தார். வார் இன்னும் அங்கேயே இருந்தது.

"இவன் கையில குடுத்தேன்னு தெரிஞ்சா உன் சான்றிதழ் போயிடும். கேக்காம புடுங்கினான்னு சொல்லிடு. இவனுக்குப் போறதுக்கு இன்னா இருக்குது?"

புடுங்கினான் என்றால் போலீஸ் வரைக்கும் போகும். அவள் என்னிடம் வந்து வாரில் கை வைத்தாள்.

"சொல்லுண்ணா."

"விட்டேன்."

"வாங்கினேன்." வாரைக் கழற்றிக்கொண்டு முதலாளியிடம் திரும்பினாள். "பறந்தது என் கணக்குங்க. விழுந்ததும் என் கணக்குதான். இவருகிட்ட குடுத்தது நானு, அதையும் எழுதிடறேன். வர்றது வரட்டும்."

"எழுது. இவன் இனிமே இங்க வேணாம்."

அவளிடம் ஏதாவது சொல்ல நினைத்தேன். அவள் சேற்றில் இறங்கி ட்ரோனைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பிடித்துக் கரையேற்றினேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை திருத்தணி மார்க்கெட்டில், காய்கறி ஏற்றி இறக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார் ஒரு லோடு வண்டிக்காரர்.

"வண்டி ஓட்டுவியா?"

"ஓட்டுவேங்க. லைசென்ஸ் இல்ல."

"நான்தான் பக்கத்துல உக்காந்துகினு வரப்போறேனே, புடி." சாவியை நீட்டினார்.

நான் பின்னால் போய்க் கத்தரிக்காய் மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்தேன்.