சார்ஜ் ஏறாத மூன்று பேட்டரிகள்

போன சனிக்கிழமை மத்தியானம். ஜெலுத்தோங் ஃபிளாட்டில் எனக்குக் கீழ் மாடியில் இருக்கும் லெட்சுமி அக்கா கூப்பிட்டார். “தம்பி, அவரோட டிரில் பேட்டரி சார்ஜ் ஏற மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்க லா.”

அவர் என்றால், அக்காவின் கணவர். பினாங்கு முழுக்க கிச்சன் கேபினட் போட்டவர். இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

ரிப்பேர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. உங்களுக்குத்தான் தெரியுமே... உடனே இறங்கிப் போனேன்.

ஹாலில் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார். சாமி மேடைக்குக் கீழே சார்ஜர். அதற்கு எதிரே ஒரு நாற்காலி. சார்ஜரின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அந்த வெளிச்சத்தில், சுவரில் மாட்டியிருந்த படத்தில் அவருடைய முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது.

“மூணும் இப்படித்தான்” என்றார் அக்கா. “பூஜைக்கு வந்த மருமகன் இந்த மிஷினைக் கேட்டாரு. எடுத்துக்கங்கன்னேன். மறுநாள்லேருந்து இப்படி.” குரலை இறக்கிக்கொண்டார். “இருந்தப்பவே சாமானை யாரையும் தொட விட மாட்டாரு. கோவமா இருக்காரு தம்பி.”

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடமா அது?

வேறு பிளக்கில் செருகினேன். அதே சிவப்பு. பேட்டரி சூடாக இருந்தால் சார்ஜர் ஏற்காது — ஃபேனுக்குக் கீழே அரை மணி நேரம் ஆறவிட்டேன். அதே சிவப்பு. என்னிடமும் அதே கம்பெனி டிரில்தான்; மாடியேறி என்னுடைய பேட்டரியை எடுத்து வந்து போட்டேன். உடனே பச்சை, சார்ஜ் ஏறியது.

ஆக, சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது. அவருடைய மூன்றும்தான் முரண்டு பிடிக்கின்றன. மூன்றும் ஒரே நாளில் சாகுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது... படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியாக, ஃபோன் வெளிச்சத்தில் பேட்டரியின் இடுக்குகளுக்குள் பார்த்தேன். உலோகத் தகடுகளின் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. நடுவில் சிவப்பு. சந்தனமும் குங்குமமும்.

“ஆயுத பூஜைக்கு வெச்சீங்களாக்கா?”

“ஆமா. எப்பவும் அவருதான் வெப்பாரு. போன வருஷம் துக்கம், கும்பிடல. இந்தத் தடவை நான் வெச்சேன். கண்ணு மாதிரி ஓட்டை இருந்துச்சு... அதுக்குள்ள வெச்சேன்.”

பேய் பிடிபட்டது. பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து, காயவிட்டுச் செருகினேன். பச்சை. இரண்டாவதும் பச்சை. பெருமையோடு அக்காவைப் பார்த்தேன்.

அவர் முகம் வாடிப்போயிருந்தது.

“அப்ப... அவரு இல்லையா?”

இத்தனை நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து விளக்கோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பயந்துகொண்டேதான். ஆனாலும் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒருவர் இருந்தார். நான் போய் அவரைத் துடைத்து எடுத்துவிட்டேன். என் சாமர்த்தியத்தின் மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

மூன்றாவது பேட்டரியை எடுத்தேன். அக்கா அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

“மிஷினும் அந்த ரெண்டும் மருமகனுக்குப் போதும் லா. சார்ஜர் அவரு வேற வாங்கிக்கட்டும். இது இப்படியே இருக்கட்டும்.”

ஏறாத பேட்டரியை சார்ஜரிலேயே விட்டுவைப்பது நல்லதல்ல. யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சொல்ல வேண்டியது என் கடமை, சொன்னேன்.

அக்கா திரும்பவும் அதைச் செருகினார். சிவப்பு எரிந்தது.

“நான்தான் பக்கத்துலயே இருக்கேனே, தம்பி.”