தரைப்பாலத்தில் கை மாறிய பிள்ளைகள்

அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை, சண்டைக் காலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவள். அதற்கு முன் ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் பல பாஷைக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டாள். வந்தபின் புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்தாள். இவ்வளவும் பார்த்தவளிடம் எங்கள் வீட்டில் ரசத்துக்கு உப்புப் போதுமா என்பதைத் தவிர வேறு யோசனை கேட்டதில்லை.

எனக்கு ஆறு வயதிருக்கும். அவளோடு திருமயம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை. தரைப்பாலத்தின் நடுவே பஸ் நின்றுவிட்டது. முழங்காலளவு ஓடிய வெள்ளம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படியில் ஏறியது. எல்லோரும் இறங்கிக் கரைக்கு நடந்துவிடுங்கள் என்றார் டிரைவர். முன்சீட்டில் கல்யாணத்துக்குப் போகும் ஓர் ஆச்சியின் குடும்பம். நடுவில் கைக்குழந்தையோடு மிஷன் பள்ளி வாத்தியாரும் மனைவியும். பின்னால் கிணறு வெட்டப் போகும் ஆட்கள். ஒருவர் கையை ஒருவர் பிடிக்க யோசித்தார்கள். தண்ணீருக்கு அந்த யோசனை இல்லை.

அத்தை எழுந்து கிணறு வெட்டும் ஆட்கள் பக்கம் திரும்பினாள். மில்லில் பந்தி நடத்திய குரல் அது.

"அண்ணே, ஒங்க காலுக்குச் சேறும் வழுக்கலும் பழக்கம். பிள்ளைகளை நீங்க தூக்கிக்கங்க. மத்தவங்க பின்னாடி வரட்டும்."

ஆச்சி பேரனை இறுக்கிக்கொண்டார். "எம் பேரனை நான் கொண்டாந்துக்கிறேன்."

பிரசவத்துக்கு வந்தவளிடம் பேசுவதுபோல் அத்தை குரலைத் தணித்தாள். "சொந்தப் பிள்ளையத் தூக்குனவ பிள்ளை மொகத்தத்தான் பாப்பா, ஆச்சி. காலப் பாக்க மாட்டா. அவுக நிதானமாக் கொண்டுபோயிருவாக."

சொன்ன கையோடு என்னைத் தூக்கி, முன்பின் தெரியாத ஒருவர் தோளில் வைத்தாள். நான் அலறிக்கொண்டு அவள் சேலையைப் பிடித்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அதைப் பார்த்தபடி இருந்த ஆச்சி, பேரனை நீட்டினார். வாத்தியார் மனைவியும் குழந்தையைக் கொடுத்தார். பிள்ளைகள் முன்னே போய்விடவே, அவர்கள் மேல் கண்ணை வைத்துக்கொண்டு பெரியவர்கள் கிடைத்த கையைப் பற்றி வந்தார்கள். யாருடைய கை என்று எவரும் பார்க்கவில்லை. அத்தை ஆச்சியை அணைத்துக்கொண்டு கடைசியாகக் கரையேறினாள்.

கல்யாணத்துக்குக் கொண்டுபோன அதிரசத்தை ஆச்சி எல்லோருக்கும் கொடுத்தார். நான் வாங்கவில்லை. அவ்வளவு கோபம். "நான் ஒன் பிள்ளையா இருந்தா அந்த ஆள்கிட்டக் குடுத்திருப்பியா?" என்று அத்தையிடம் கேட்டேன். அவள் முந்தானையைப் பிழிந்து என் தலையைத் துவட்டினாள்.

பர்மாவிலிருந்து வந்த வழியில் ஓர் ஆற்றைக் கடக்கும்போது, நான் தூக்கிக்கொள்கிறேன் என்று கேட்டவர்கள் ஒருவரிடமும் கொடுக்காமல் தன் மகனைத் தானே சுமந்துகொண்டு இறங்கியவள் அவள் என்பதும், அக்கரையில் ஏறியபோது அவள் கையில் அவன் இல்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.