ஆணியில் ஏறிய மழைக்கோட்டு

என் அக்காவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிரேக் டீச்சர் என்றால்தான் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவளுடைய பழைய சிவப்புக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் உட்காரும் அவளுக்குத் தனியாக ஒரு பிரேக். அதை வருஷக்கணக்கில் மிதித்ததில் அவளுடைய வலது காலுக்குத் தனி புத்தி வந்துவிட்டது. டிவியில் எவனாவது வண்டியைப் பறக்கவிட்டால், சோபாவில் இருந்தபடியே தரையை ஓங்கி மிதிப்பாள். கீழ்வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று பலமுறை மேலே வந்து கேட்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவள் ஒரு காலத்தில் டிரைவிங் டெஸ்டில் ஃபெயிலானவள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. பிறவியிலேயே அவசரக்காரி. கிளட்சைப் பட்டென்று விடுவாள், வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிடும். இரண்டாவது முறை ஃபெயிலாகி அழுது வடிந்த முகத்தோடு திரும்பும்போது, ஒரு பழைய சாமான் கடையில் ஒரு ராக் ரெக்கார்டை வாங்கி வந்தாள். ஏன் வாங்கினாள் என்று கேட்டால் அட்டை பிடித்திருந்தது என்பாள். அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு நாற்காலி, அதன்மேல் நனைந்த மழைக்கோட்டு ஒன்று, தரையில் சொட்டிய தண்ணீர்.

வீட்டில் அப்பாவின் பழைய ரெக்கார்டு பிளேயர் இருந்தது. அக்கா ஊசியை வைத்தாள். டிரம்ஸ் நிதானமாக, யாருக்கும் பயப்படாமல் நடந்து வந்தது. கிட்டார் ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து, யோசித்து, அப்புறம்தான் விட்டது. பாடியவனுடைய குரல் ஆழ்கிணற்றிலிருந்து வந்தது. அக்கா அன்று முழுக்க அதையே திரும்பத் திரும்பப் போட்டாள். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் வரும் டிரம்ஸ் அவள் காலில் இறங்கிவிட்டது. அடுத்த டெஸ்டில் அந்தத் தாளத்தை முணுமுணுத்துக்கொண்டே கிளட்சை விட்டாள், வண்டி வெண்ணெயாய் நகர்ந்தது. இன்றுவரை தன் மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். “டும்... டும்... டக். இப்ப விடு.” ஊரில் பாதிப் பேர் அந்தத் தாளத்தில்தான் வண்டியைக் கிளப்புகிறார்கள்.

எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ராக் ஆல்பம் என்றால் உயிரை விடும் ஆட்கள் நாலு பேர். அக்கா, அவள் தம்பியாகிய நான், தபால்காரர், மருந்துக்கடைக்காரர். எனக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் கூடுவோம். குழுக்களின் பெயரைச் சரியாக உச்சரிப்பதில் ஆரம்பக் காலத்தில் வெட்டுக்குத்து வரை போய்விட்டதால், ஆல்பங்களை அட்டைப்படத்தைக் கொண்டே அழைப்பது என்று முடிவு செய்தோம். தபால்காரருடையது ஏணி. இரண்டு தட்டு ஆல்பம், அதில் ஒரு பக்கம் முழுக்க டிரம்ஸ் மட்டும். அவர் அதைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் கதவைச் சாத்தினாலும் நிறுத்தமாட்டார். மருந்துக்கடைக்காரருடையது தீப்பெட்டி. எல்லாப் பாட்டும் தீயாய் ஓடும், வேகம் குறைந்தால் அவருக்கு மூச்சு முட்டும். என்னுடையது யானை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும், கேட்காதவர்கள் பாவம்.

அக்கா வீட்டுச் சுவரில் ஓர் ஆணி உண்டு. உலகத்திலேயே சிறந்த ஆல்பம் எதுவோ அதன் அட்டை அதில் மாட்டப்படும். அதற்கு ஓட்டெடுப்பு வருஷத்துக்கு ஒருமுறை. ரெக்கார்டைப் போட்டுக் கேட்டபின், ஒப்புக்கொள்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் ஆணி கிடையாது. ஆணி அடித்த நாளிலிருந்து அதில் ஒன்றும் மாட்டியதில்லை. வருஷா வருஷம் ஒவ்வொருவரும் தன் ஆல்பத்துக்குத் தான் மட்டும் எழுந்து, மற்ற மூவரையும் முறைத்துவிட்டு உட்காருவோம்.

இதில் அக்காவுக்குத்தான் வலி அதிகம். எங்களுக்கு அது கௌரவப் பிரச்சினை, அவளுக்கு அப்படியில்லை. அந்த ரெக்கார்டுதான் தன்னை மனுஷியாக்கியது என்று நம்புகிறவள். மருந்துக்கடைக்காரர் அதைத் தூக்க மாத்திரை என்பார். தன் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாத சரக்கு என்று கிண்டல் செய்வார். அக்கா சிரித்துவிட்டு, பாத்திரம் கழுவும்போது குழாயிடம் திட்டித் தீர்ப்பாள். ஒரே ஒரு தடவையாவது இவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்த வருஷம் ஓட்டெடுப்புக்கு முந்தின வாரம் அக்கா வீட்டில் இருந்த அப்பாவின் பிளேயர் மண்டையைப் போட்டது. அதன் வேகம் மாற்றும் திருகு எப்போதோ உடைந்து, ஒரே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய தட்டுகள் எல்லாம் அந்த வேகத்துக்குத்தான் என்பதால் ஒரு குறையும் தெரியவில்லை. நான் சரிசெய்கிறேன் என்று தலைகீழாக நின்றிருக்கிறேன். ஓடுகிறதைத் தொடாதே என்று விரட்டிவிடுவாள். எனவே சபை மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு மாறியது. தபால்காரர் குறடு கொண்டு ஆணியைப் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். புதிதாக வெள்ளையடித்த சுவரில் அதை அடித்தபோது மருந்துக்கடைக்காரர் மனைவி பார்த்த பார்வையில் நாங்கள் மூவரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டோம்.

சீட்டுக் குலுக்கியதில் மழைக்கோட்டு முதலில் வந்தது. அக்கா அதைத் துடைத்து வைத்து, ஊசியை இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

டிரம்ஸ் தடதடவென்று ஓடிவந்தது. கிட்டார் அதைத் துரத்திக்கொண்டு வந்தது. அக்காவின் வலது கால் தரையில் படார் என்று இறங்கியது. மேஜையில் இருந்த டம்ளர்கள் எல்லாம் ஒருமுறை துள்ளின. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மருந்துக்கடைக்காரர் ஓடிப்போய்ப் பார்த்தார். முந்தின நாள், வேகமாகச் சுற்ற வேண்டிய சின்னத் தட்டுகளைக் கேட்டுவிட்டு வேகத் திருகை அப்படியே விட்டிருந்தார். குறைத்து வைத்தார். பழைய நிதானம் திரும்பியது, அக்கா மூச்சு விட்டாள்.

டீயோடு வந்த மருந்துக்கடைக்காரர் மனைவி கதவருகே நின்றார். எங்கள் பாட்டுகளைக் காது கொடுத்துக் கேட்காதவர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“முன்னாடி ஓடினதுதான் சரியா இருந்துச்சு. இப்ப அந்தப் பொண்ணு தூக்கத்துல உளறுற மாதிரி இருக்கு.”

“எந்தப் பொண்ணு?” என்றாள் அக்கா.

“பாடுற பொண்ணு.”

மருந்துக்கடைக்காரர் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தின்மேல் பழைய சாமான் கடையின் விலைச்சீட்டு ஒன்று அன்று ஒட்டியபடியே இருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, காயத்துக்குக் கட்டுப் பிரிக்கும் பக்குவத்தோடு அதை உரித்தார். அடியில், நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்று அச்சாகியிருந்தது. சின்னத் தட்டுகளுக்கான வேகம். பெரிய தட்டை அந்த வேகத்துக்குப் பதிவு செய்த புண்ணியவான்கள் அந்தக் குழுவினர்.

அப்புறம் நடந்ததை என்ன சொல்ல. மருந்துக்கடைக்காரர் சரியான வேகத்தில் முதல் பக்கத்தைப் போட்டார். அது வேறு ஆல்பம். ஒரு பெண் தொண்டை கிழியப் பாடுகிறாள், கிட்டார் கிறுகிறுவென்று சுற்றுகிறது, டிரம்ஸ்காரனுக்குப் பேய் பிடித்திருக்கிறது. தபால்காரர் ஸ்டூலைக் கவிழ்த்துப்போட்டுத் தட்ட ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரர் அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு குதித்தார். நான் தலையை ஆட்டிய ஆட்டில் கண்ணாடி பறந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. பக்கம் முடிந்ததும் மருந்துக்கடைக்காரர் வியர்வை வழிய நிமிர்ந்து நின்று, கையை உயர்த்தினார். தபால்காரரும் நின்றார். என் யானையிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நானும் நின்றேன்.

அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அவள் இத்தனை வருஷம் பார்க்க ஆசைப்பட்ட காட்சி எதிரே நிற்கிறது. அவளோ மடியில் இருந்த அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

“எந்திரிங்க டீச்சர், உங்க ரெக்கார்டுதான்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நல்லாத்தான் இருக்கு. பிரமாதமா இருக்கு. ஆனா இது என்னோடது இல்லையே” என்றாள் அக்கா. “நான் கேட்ட ரெக்கார்டை யாருமே பாடலைன்னு இப்பத்தான் தெரியுது.”

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அக்கா தம்பிக்குள் அந்தப் பழக்கமில்லை, டீயை நகர்த்தி வைத்தேன். மருந்துக்கடைக்காரர் தட்டைத் திருப்பிப் போட்டார். வேகத்தைக் குறைத்தார். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டைத் தேடி ஊசியை வைத்தார். அக்காவுக்குப் பிடித்தது எது என்று அந்த மனுஷனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

டும்... டும்... டக். யாரும் கிண்டல் செய்யாமல் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டது அன்றுதான் முதல்முறை. பாதியில் பார்த்தால், மருந்துக்கடைக்காரர் மனைவி கதவருகே நின்றபடி இடது காலைத் தரையிலிருந்து மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா பண்ற?” என்றார் கணவர்.

“கிளட்ச் விடுறேன். டீச்சர் இதைத்தானே எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. பாட்டுன்னே தெரியாது, அவங்களா சொல்றாங்கன்னு நெனச்சேன்.” காலைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். “நீங்க சொன்ன வேகத்துலதான் டீச்சர் எனக்கு வண்டி வந்துச்சு. இவங்க குதிக்கிற வேகத்துல விட்டிருந்தா எனக்கு எந்த ஜென்மத்துலயும் லைசென்ஸ் கிடைச்சிருக்காது.”

அக்காவின் கண் கலங்கியது, உதடு சிரித்தது. மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“ரெண்டு ரெக்கார்டுன்னே வச்சுக்குவோம். அட்டை ஒண்ணுதானே. மாட்டுறது அட்டையைத்தான?”

சட்டத்தில் அதற்குத் தடையில்லை என்று தபால்காரர் தீர்ப்புச் சொன்னார். நாங்கள் மூவரும் மறுபடி எழுந்தோம். அக்கா கடைசியாக எழுந்தாள். ஓட்டே இல்லாத மருந்துக்கடைக்காரர் மனைவிகூட முதுகை நிமிர்த்தி நின்றார். மழைக்கோட்டு ஆணியில் ஏறியது. ஏறிய கையோடு, மாட்டியிருப்பது வேக மழைக்கோட்டா நிதான மழைக்கோட்டா என்று சண்டை தொடங்கியது. யார் வீட்டுச் சுவர் என்பதே மறந்து கத்தினோம். அக்காவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

சாயங்காலம் அக்காவின் காரிலேயே திரும்பினோம். நான் பக்கத்து சீட்டில், அவளுடைய பிரேக்குக்கு எதிரே. சிக்னலில் வண்டி நின்றது. அக்கா ஸ்டியரிங்கில் விரலால் ஏதோ தட்டினாள், என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். பச்சை விழுந்ததும் அந்தப் புதுத் தாளத்தை, அந்தப் பெண் பாடிய வேகத்திலேயே முணுமுணுத்துக் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிட்டது. டெஸ்டில் ஃபெயிலான காலத்துக்குப் பிறகு அவள் கையில் வண்டி அணைந்து நான் பார்த்ததில்லை. அக்கா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரிசிரியென்று சிரித்தாள். நானும் சிரித்ததில் இல்லாத அவசரத்துக்கு அவளுடைய பிரேக்கை வேறு மிதித்துவைத்தேன்.

பச்சை போய் மறுபடி சிவப்பு விழுந்தது. பின்னால் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு ஹாரன்கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பொறுமையாக எங்களைப் பார்த்துக் கையசைத்தார், அக்காவிடம் போன வருஷம் ஓட்டக் கற்றுக்கொண்ட கீழ்வீட்டுக்காரர்.