காத்தாயி களத்தைத் தாண்டிய நாள்

வரப்பில் போகிற நண்டுகூடக் காத்தாயியைக் கண்டால் ஒதுங்கிப் போகும். கொடுக்கைத் தூக்கினால் பாவி உயிரை விட்டுவிடுவாள் என்று அதற்கே தெரியும். ஒருமுறை காலில் தவளை குதித்ததற்கு அவள் போட்ட அலறலில், நீடாமங்கலத்தில் கிளம்பிய ரயில் அப்படியே நின்றுவிட்டதாம். காத்தாயி இதை மறுத்ததில்லை. மறுக்கவும் பயம்.

அந்தத் தை மாதம் பயப்படுவதற்கு நிறையவே இருந்தது. உதயசூரியன் ஆட்சி வந்து முதல் சம்பா அறுவடை. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டுக் காத்தாயியின் தெரு முழுக்கச் செங்கொடி கட்டியிருந்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார். தெருவுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் அவருடைய களம். தெருக்காரர் கால் வைத்தால் முறித்துவிடுவதாகச் சொல்லி, அவருடைய காரியக்காரர் துரைராசு தடியோடு நின்றார்.

அப்போதுதான் காத்தாயியின் தங்கை அம்சம் வீட்டிலேயே பிள்ளை பெற்றாள். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. பால் கட்டுகிற காய்ச்சல்தான், எல்லாருக்கும் வருவது என்றாள் அம்சத்தின் மாமியார் காளியம்மாள். கதவைச் சாத்தி, சாம்பிராணி போட்டுப் புகை மூட்டினாள்.

தீட்டுத் துணிகளை அலசுவது காத்தாயியின் வேலை. வாய்க்காலில் துணியைப் பிரித்ததும் செத்த எலி வாடை. வீட்டுக்குள் புகை அதை மூடியிருந்தது. வந்து சொன்னதற்கு, வாய்க்காலில் ஏதாவது செத்து மிதக்கும், உனக்கு எல்லாமே பயம் என்று காளியம்மாள் சிரித்தாள்.

மறுநாள் காலையில் காய்ச்சல் இல்லை. காளியம்மாள் மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டு ரசம் வைக்கப் போனாள். காத்தாயி தங்கையின் பாதத்தைத் தொட்டாள். வயல் சேறு மாதிரி சில்லென்று இருந்தது. மூச்சு தறிகெட்டு இரைத்தது. அம்சம் அவளையே வெறித்துப் பார்த்து, நாற்றுக் கட்டுகளையெல்லாம் கரையேற்றியாகிவிட்டதா என்று கேட்டாள். அறுவடை மாதத்தில் நாற்று ஏது? பயத்தில் காத்தாயிக்கு ஆயுள் அனுபவம் உண்டு. இது தவளைப் பயம் இல்லை.

"காய்ச்சல்தான் விட்ருச்சே, இன்னும் என்ன?" என்றான் அம்சத்தின் புருஷன் ஐயாவு.

"விட்டது காய்ச்சல் இல்ல தம்பி. அவளே நம்மள விட்டுட்டுப் போறா. கட்டிலத் தூக்கு."

தீட்டுக்காரியை வெளியே கொண்டுபோவதா என்று கத்திக்கொண்டே காளியம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்க வாய்க்கால் கரையைச் சுற்றிப் போனால் பொழுது சாய்ந்துவிடும். களம்தான் வழி. கயிற்றுக் கட்டிலில் அம்சம். முன்னால் ஐயாவு, பின்னால் காத்தாயி.

நடுக்களத்தில் துரைராசு தடியை ஓங்கினார். ஐயாவு நின்றுவிட்டான். காத்தாயியின் பற்கள் அடித்துக்கொண்ட சத்தத்தில் போரடித்த மாடுகள் திரும்பிப் பார்த்தன.

"அடிக்கிறதுன்னா சீக்கிரம் அடிச்சிருங்கய்யா. எங்களுக்கு நேரமில்ல."

துரைராசு கட்டிலருகே வந்து குனிந்தார். அவர் மனம் இளகியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவரை நகர்த்தியது அந்த வாடை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நெற்குவியல் மேலேயே ஏறிவிட்டார்.

ரோட்டுக்கு வந்ததும் கட்டிலைக் குறுக்கே போட்டுவிட்டுக் காத்தாயி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வந்த பஸ் நிற்காமல் என்ன செய்யும்? தஞ்சாவூரில் இறக்கிவிட்ட கண்டக்டர், இதுதான் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி என்று கை காட்டினார். மிராசுதார் என்ற பேரைக் கேட்டதும் அவளுக்கு மறுபடியும் உதறல்.

நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளேயே தங்கி அழுகி, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டரம்மா. காய்ச்சல் இறங்கவில்லையாம், ரத்த ஓட்டம் ஒடுங்கி உடம்பு சில்லிட்டிருக்கிறதாம். இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றி, பென்சிலின் போட்டு, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, மூத்திரம் இறங்குகிறதா, கால் சூடாகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு என்று மட்டும் சொன்னார்.

காத்தாயி அந்தப் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டாள். கையை எடுத்தால் உயிர் நழுவிவிடுமோ என்று சோற்றுக்குக்கூட எழவில்லை. மறுநாள் மத்தியானம் உள்ளங்காலில் லேசாகச் சூடு தட்டியது. சந்தோஷப்படவும் பயம். நர்ஸைக் கூப்பிட்டாள்.

"இது நல்ல சூடாம்மா, கெட்ட சூடாம்மா?"

நர்ஸ் காலைத் தொட்டாள். குழாயில் இறங்கியிருந்த மூத்திரத்தைப் பார்த்தாள். நல்ல சூடுதான் என்றாள். காத்தாயி நம்பவில்லை. அடுத்து வந்த நர்ஸிடமும் கேட்டாள். பிறகு வார்டு பெருக்க வந்த ஆயாவிடம் கேட்டாள்.

"யக்கா, செத்த நேரம் சும்மா இரேன். மானம் போவுது" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.