இரண்டு உயிர்த்தெழுதலுக்கு நடுவில் அம்மா

எங்கள் தெருமுனைச் சுவரில் நேற்று ஓர் ஆள் ஏணி போட்டு, ஆண்டவர் வருகை சமீபம் என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிக்கொண்டிருந்தார். மூட்டுவலித் தைலம் வாங்கப் போன நான், டர்ப்பண்டைன் வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். 'சமீபம்' என்பதை நாற்பது வருஷமாகச் சுவர் சுவராகப் பார்த்துவருகிறேன். முன்பெல்லாம் படித்தால் அன்று ராத்திரி தூக்கம் வராது. இப்போது, வரட்டுமே, வந்தால் ஒரு நாற்காலி போடுவோம் என்றுதான் தோன்றுகிறது. வயசானால் பயம்கூட அலுத்துப்போகிறது, பாருங்கள்.

டர்ப்பண்டைன் என்றாலே எனக்கு அந்தப் படம்தான். விழுப்புரத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் ஒரு ஜெப வீடு இருந்தது. அதன் பாஸ்டர், சினிமா பேனர் எழுதுகிறவரைப் பிடித்து, ஒரு சுவர் நீளத் துணியில் காலங்களின் படம் எழுதி வாங்கியிருந்தார். ஏதேன் தோட்டத்தில் ஆரம்பித்துப் புது வானம் புது பூமி வரைக்கும் வட்டம் வட்டமாக. நடுவே மேலே பறக்கும் ஓர் அம்பு, ஆண்டவர் தம்முடையவர்களை மட்டும் சத்தமில்லாமல் மேலே எடுத்துக்கொள்கிற ரகசிய வருகை. அதையொட்டி முதலாம் உயிர்த்தெழுதல். அப்புறம் ஆயிரம் வருட அரசாட்சி என்று ஒரு நீளப் பெட்டி. பெட்டி முடிகிற இடத்தில்தான் இரண்டாம் உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு எல்லாம். பேனர்க்காரர் கை பழக்கத்தை விடுமா? தேவதூதர்களுக்கெல்லாம் கன்னத்தில் ரோஸ் அடித்து வைத்திருந்தார். வாடை போகவே மாசக்கணக்காயிற்று. அந்த வாடையில் உட்கார்ந்துதான் எங்கப்பா மனம் மாறினார்.

அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் வண்டிகளுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். எண்பதுகளின் நடுவில், ஐம்பது வயசில், பரம்பரையாக இருந்த சபையை விட்டுவிட்டு ஜெப வீட்டில் சேர்ந்தார். சிசுவாக இருந்தபோது நெற்றியில் தெளித்த ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி, காணையில் ஒரு கரும்புக்காட்டுப் பம்பு செட் தொட்டியில் முழுக்கு எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் காய்ச்சல். அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, "புது மனுஷனுக்குப் பழைய ரசம்தான் கேக்குது" என்றாள்.

எங்கள் பழைய சபை திண்டிவனத்தில் இருந்தது. அம்மாவுக்கு அதுதான் பிறந்த ஊர். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு அம்மாவும் நானும் பஸ் பிடிப்போம். அன்றைக்கென்று கிருத்திகை வந்துவிட்டால் பேஜாருதான். மயிலம் மலைக்குப் போகிற கூட்டம் கூட்டேரிப்பட்டில் இறங்குகிற வரைக்கும் நின்றுகொண்டே போகவேண்டும். ஆராதனை முடிந்ததும் அம்மா நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள். சுவரை ஒட்டி ஒரு வரிசை, குழந்தைகளுக்கு. அதில் நாலாவது என் தங்கை. எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. பேர் வைத்திருந்தோம், ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் அது 'சின்னது'தான். அம்மா புல்லைப் பிடுங்குவாள், சிமெண்டுச் சிலுவையை முந்தானையால் துடைப்பாள், கொண்டையில் இருந்த கனகாம்பரத்தில் பாதியைப் பிய்த்து வைப்பாள். அழமாட்டாள். காய்கறி விலைகூடச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்தச் சபைக்குக் காரியதரிசி அம்மாவின் தம்பி, என் மாமா. வேதம் தண்ணிபட்ட பாடு. விழுப்புரத்துக்கு வந்தால் அப்பாவோடு சண்டை போடாமல் கைகழுவ மாட்டார்.

"ஒரே எக்காளம், ஒரே நாள், நல்லவன் கெட்டவன் அத்தன பேரும் ஒண்ணா எழுந்திருக்கிறாங்க. ஆயிரம் வருஷம்னு எழுதியிருக்கிறது ஒரு அடையாளம். அத போயி காலண்டர்ல எண்ணிக்கினு இருக்கிறீங்க" என்பார் மாமா.

"ரெண்டு வண்டி மச்சான்" என்பார் அப்பா. அவருக்கு எல்லாமே வண்டிதான். "மொத வண்டி ரட்சிக்கப்பட்டவங்களுக்கு. அத உட்டா ஆயிரம் வருஷம் பிளாட்பாரத்துல கெடக்கணும்."

தானியேல் தீர்க்கதரிசி சொன்னதை மாமா எடுப்பார். சிலர் ஜீவனுக்கு, சிலர் நிந்தைக்கு எழுந்திருப்பார்கள் என்று தீர்க்கதரிசி ஒரே மூச்சில்தானே சொல்கிறார்? "ஒரே வசனத்துக்கு நடுவுல ஆயிரம் வருஷத்தக் கொண்டாந்து சொருவறீங்களே, நியாயமா?" உலர்ந்த எலும்புகள் உயிரோடு எழும்பும் என்று எசேக்கியேல் உரைத்தது பற்றியும் அப்படித்தான். அது சிறைப்பட்ட ஜனங்கள் ஊர் திரும்புகிற சமாச்சாரம் என்பார் மாமா. எலும்பு என்றால் எலும்புதான் என்பார் அப்பா. பாஸ்டர் இன்னொன்று சொல்வார். நான் அப்போது ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். பாஸ்டரின் பாடக் குறிப்புகளை நான்தான் டைப் அடித்துத் தருவேன். அதற்கு மாமா எழுதிய மறுப்பையும் நான்தான் அடித்தேன். அதே மெஷின், அதே கார்பன். எது சரி என்று யாராவது கேட்டிருந்தால், ரெண்டிலும் மார்ஜின் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

ஒரு ஞாயிறு, கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே அம்மா கேட்டாள். "அது சரிங்க. சின்னது எப்ப எழுந்திருக்கும்?"

"கொழந்தைங்க மொத வண்டிதான். அதுல சந்தேகமே இல்ல" என்றார் அப்பா.

"நீங்க?"

"நானும்தான்."

"அப்ப நானு?"

அப்பா சோற்றைப் பிசைந்தார். மாமா குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடைசியில் அப்பா மெல்லச் சொன்னார், "நீயும் முழுக்கு எடுத்துக்கினா எல்லாம் ஒண்ணா போயிடலாம்."

என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு வண்டியே கிடையாதுபோல.

அன்றிலிருந்து அம்மாவுக்கு இது நெஞ்சில் சிக்கிய முள்ளாகிவிட்டது. நமக்குச் சிரிப்பாக இருக்கும். அவளுக்கு இல்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "ஆயிரம் வருஷம் அந்த மனுஷன் கைக்கொழந்தைய வச்சிக்கினு இன்னா பண்ணுவாரு? பால் கூட ஆத்தத் தெரியாது" என்பாள். முழுக்கு எடுத்துக்கொண்டால் என்ன என்று நான் கேட்டேன். எடுத்தால் பழைய சபைப் பதிவேட்டில் பேரை அடித்துவிடுவார்கள். பேர் இல்லாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. சின்னதின் பக்கத்தில் படுக்கமுடியாது. இதுதான் அவளுடைய கணக்கு, எப்படிப் போட்டாலும் உதைத்தது.

சபை சொன்னதைச் செய்யவும் செய்தது. அடுத்த ஐப்பசியில் அப்பா டியூட்டி முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், உட்கார்ந்தார், போய்விட்டார். மாரடைப்பு. திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பினோம். பேர் அடிக்கப்பட்டவருக்கு இடம் தர விதியில்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. அந்தப் பதிலில் காரியதரிசி என்று கையெழுத்துப் போட்டிருந்தது மாமா. ஜெப வீட்டுக்குச் சொந்தமாகக் கல்லறை இல்லை. ஊர்ப் பொதுச் சுடுகாட்டில் ஓர் ஓரமாக இடம் வாங்கினார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. பெட்டியோடு போய்ச் சேர்ந்தால், குழி தெற்கு வடக்காக வெட்டியிருக்கிறது. குழி வெட்டியவரைக் குறை சொல்லமுடியாது, அவர் வாழ்நாள் முழுக்கத் தெற்கே தலைவைத்துத்தான் வெட்டியிருக்கிறார். கிறிஸ்தவர்களைக் கிழக்கே கால் நீட்டிக் கிடத்தவேண்டும், ஆண்டவர் கிழக்கிலிருந்து வருகிறபோது எழுந்து நின்றால் நேருக்கு நேர் பார்க்கவேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நாங்கள் யாரும் சொல்லவில்லை. திண்டிவனத்தில் அதைச் சொல்லவேண்டிய அவசியமே வந்ததில்லை.

பாஸ்டர் தயங்கினார். "பரவால்லம்மா, எழுப்பறவருக்குத் தெசை தெரியாதா?" என்றார். அம்மா குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வேலிக்கு வெளியிலிருந்து மாமா உள்ளே வந்தார். அவர் வந்திருப்பதே எங்களுக்குத் தெரியாது. குடையை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியை வாங்கிக் கிழக்கு மேற்காக வெட்ட ஆரம்பித்தார். கையெழுத்துப் போட்ட அதே கை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பாஸ்டரும் கூடையை எடுத்து மண் அள்ளினார். சேறும் சகதியுமாக இரண்டு பேரும் ஏறி வந்ததும் அம்மா கேட்டாள், "ரெண்டு பேரும் படிச்சவங்க. ஒரு முடிவா சொல்லுங்க. நான் எங்க படுக்கிறது?"

மாமா என் கையிலிருந்த குடையை வாங்கி விரித்தார், பாஸ்டர் காலில் ஒட்டிய சேற்றை வழிக்க ஆரம்பித்தார். அவர்கள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் ரொம்ப வருஷம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பாவம், அவர்களுக்கு மட்டும் என்ன தெரியும்?

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, அம்மா திடீரென்று கிளம்பு என்றாள். காணைக்குப் போனோம். பாஸ்டர் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். அம்மா வெள்ளைப் புடவையில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். ஒரு காலை உள்ளே விட்டாள். பம்பு செட் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அம்மா காலை வெளியே எடுத்துவிட்டாள். "மன்னிச்சிக்கிங்கய்யா, நான் வர்றேன்" என்று நடையைக் கட்டினாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது நான் ஏம்மா என்றேன். "எழுந்திருக்கிறப்ப பாத்துக்கலாம்டி. யாரு மொதல்ல, யாரு பின்னாலன்னு. இப்ப அது அங்க தனியா கெடக்குது" என்றாள். அதற்கப்புறம் கடைசிவரை அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

ஜெப வீட்டுத் தகரக் கொட்டகை போய்விட்டது. படம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பாஸ்டர் வேறு ஊருக்குப் போனார், மாமா போய்ச் சேர்ந்தார். விழுப்புரத்தில் அப்பா இருக்கிற இடத்தின் மேல் இன்னும் எத்தனையோ பேர். நானே போனாலும் இதுதான் என்று காட்டமுடியாது. திண்டிவனத்தில் வேலைக்கு விண்ணப்பம் போட்டு, அங்கேயே வீடு எடுத்து, அம்மாவை வைத்துக்கொண்டேன்.

அவள் படுத்த படுக்கையான வருஷத்தில் ரோட்டை அகலப்படுத்தினார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவரை இருபதடி உள்ளே தள்ளிக் கட்டவேண்டியதாயிற்று. குழந்தைகள் வரிசை முழுக்க வெளியே போய்விட்டது. எலும்பு ஏதாவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சபையில் வாசித்தார்கள். ஆள் வைத்துத் தோண்டிப் பார்த்தேன். எட்டு மாதக் குழந்தை, அத்தனை வருஷம். ஒன்றும் கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு அப்போது பேச்சு அரைகுறைதான். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது, "சின்னது பக்கத்துல எடம் இருக்குதா?" என்றாள்.

"இருக்குதும்மா. அப்படியேதான் இருக்குது."

இரண்டு வாய்க் கஞ்சி கூடக் குடித்தாள். அந்த வாரமே போய்விட்டாள். புதுச் சுவரை ஒட்டி இடம் கொடுத்தார்கள். விழுப்புரம் பஸ்ஸில் போகும்போது அந்தச் சுவர் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம், சின்னது கிடந்த இடத்தின் மேலேதான் பஸ் போகிறது, நானும் போகிறேன்.