குறிகட்டுவான் படகில் முதல் இரண்டு பேர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம், நானும் என் மனைவியும் மலைநாட்டு ஹட்டனிலிருந்து வடகடலில் இருக்கும் நெடுந்தீவுக்குப் புறப்பட்டோம். அந்தப் பயணத்துக்கு நான் போட்ட திட்டத்தைப் போல ஒரு திட்டத்தை வேறு யாரும் போட்டிருக்க மாட்டார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு, கோப்பு இல்லாமல் குளிக்கப் போவது கூடக் கஷ்டம்.

தொடக்கம் ஒரு விளம்பரத் தாள். நானுஓயாவில் ரயில் ஏறியபோது என் இருக்கையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார். சரித்திர நகரங்கள், கரடுமுரடான மலைகள், தொலைதூரத் தீவுகள், எல்லாம் பத்தே நாளில் என்று அதில் போட்டிருந்தது. எனக்கு அது விசித்திரமாக இருந்தது. விமானம் ஏறி இவ்வளவு தூரம் வந்து பார்க்க வேண்டிய நாடு இது என்றால், அறுபத்தேழு வருடமாக இங்கேயே இருக்கிற நான் எதைப் பார்த்திருக்கிறேன்? சம்பளம் இல்லாத விடுமுறை, அரைநாள் விடுமுறை, மருத்துவ விடுமுறை எல்லாவற்றுக்கும் விதி தெரியும். விடுமுறையில் எங்கே போவது என்பதுதான் தெரியாது.

தாளைக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். அவள் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தாளின் முகப்பில் ஒரு பெண் கூடையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்தாள்.

"இடுப்புல படங்குத் துணி கட்டல. கயித்த தலையில மாட்டாம தோள்ல மாட்டியிருக்கு. இந்தப் புள்ளய மலையில விட்டா அரைப்பேர் கூட வராதுங்க" என்றாள். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். வெளிநாட்டார் நம்பிப் பார்க்கும் படம் எங்கள் வீட்டு மேசையில் ஒரு நிமிடம் கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

பிறகு பின்பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஒரு வெட்டவெளி, பனைமரங்கள், ஐந்தாறு குதிரைகள்.

"இது யாரு குதிரை?"

நெடுந்தீவில் அப்படித் தானாகத் திரிகின்றன, ஒல்லாந்தர் காலத்தில் விட்டுப் போனவை என்கிறார்கள், இப்போது சொந்தக்காரர் யாரும் இல்லை என்று விளக்கினேன்.

"அப்ப யாரு அதுமேல ஏறுறது?"

"யாரும் ஏறுறதில்ல."

அவள் தாளைக் கீழே வைக்கவில்லை. சின்ன வயதில் தோட்டத்துத் துரையின் குதிரையைப் பார்த்திருக்கிறாள். பிறகு நுவரெலியாவில் உல்லாசப் பயணிகளைச் சுமந்து ஏரிக்கரையில் நடக்கும் குதிரைகளைப் பார்த்திருக்கிறாள். "ஆள் ஏறாத குதிரைய நான் பாத்ததே இல்லீங்க" என்றாள். திருமணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவள் என்னிடம் பார்க்க வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். சேலை, நகை, சினிமா எதையும் அவள் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்கு எதுவும் தேவையில்லை என்று நானும் அலுவலக வழக்கப்படி முடிவு செய்திருந்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. அடுத்த மாதம் கண்டியில் அவளுக்கு வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அது ஆறியதும் இடது கால். இரண்டும் முடிந்த பிறகு படகில் ஏறி இறங்குவதை மறந்துவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆகவே போவதானால் இப்போதே போக வேண்டும்.

அன்றே கோப்பைத் திறந்தேன். ஓய்வூதியருக்கான இலவச ரயில் வாரண்டுக்கு விண்ணப்பம். அடையாள அட்டைப் பிரதிகள், மருந்துச் சீட்டுப் பிரதிகள், பிரதிகளின் பிரதிகள். பொலன்னறுவைக்கு ஒரு நாள், அனுராதபுரத்துக்கு ஒன்றரை நாள், நக்கிள்ஸ் மலைக்கு இரண்டு நாள் என்று அட்டவணை போட்டேன். மனைவி அதில் ஒரே ஒரு திருத்தம் செய்தாள்.

"ஏங்க, மலையில இருந்து எறங்கி, இன்னொரு மலையில ஏறி, மலைய பாக்கணுமா? ஜன்னல தொறந்தா போதாதா?"

நக்கிள்ஸ் நீக்கப்பட்டது. பஸாரில் பயணப்பை தைக்கக் கொடுத்திருந்த முஸ்லிம் தையற்கார நானாவிடம் கோப்பைக் காட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "சேர், இது மக்காவுக்குப் போறத விடப் பெரிய ஏற்பாடா இருக்கே. கூட யாராச்சும் மந்திரி வர்றாங்களா?" என்றார். நான் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பொலன்னறுவையும் அனுராதபுரமும் திட்டப்படியே நடந்தன. நான் வழிகாட்டிப் புத்தகத்தை உரக்க வாசிக்க, அவள் கேட்டுக்கொண்டே மெதுவாக நடந்தாள். அனுராதபுரத்தில் ஒரு குளக்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலை நீவியபடி கேட்டாள்: "ராசா இருந்த எடம் இது, சாமியாருங்க இருந்த எடம் அது. இவ்வளவு கல்ல சொமந்தவங்க எங்க தங்குனாங்க? அவங்க லயம் எங்க?" லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். எந்த இணைப்பிலும் பதில் இல்லை. அந்தக் கேள்வி எனக்குள்ளும் புகுந்துகொண்டது. அதன் பிறகு எந்தக் கல்லைப் பார்த்தாலும் தூக்கியவரைத்தான் தேடினேன்.

யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்டு, மறுநாள் விடியும்போதே, நெடுந்தீவுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்விட்டோம். காலைப் படகில் போய், மாலையில் திரும்புவது திட்டம். அடுத்த நாள் அதிகாலை ரயில். அதற்கு மறுநாள் கண்டியில் அறுவைக்கு முந்திய இரத்தப் பரிசோதனை. அந்த ஒரு நாளைத் தவிர வேறு நாள் கிடையாது.

துறையில் முதல் ஆட்கள் நாங்கள்தான். பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் ஒரு நடுத்தர வயதுக்காரர், மரியாதையான மனிதர். "ஐயா, கொஞ்சம் இருங்கோ. ஊர்ச்சனத்தை ஏத்திப்போட்டு, மிச்ச இடத்திலை உங்களை ஏத்துறன்" என்றார்.

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் எழுந்துவிட்டார்.

"இது எங்க எழுதியிருக்குங்க?"

"எழுத்திலை இல்லை ஐயா. வழமை."

வழமை என்ற சொல்லை நான் எத்தனை மனுக்களில் வெட்டியிருப்பேன். எழுத்தில் இல்லாததை நடைமுறை என்று சொல்ல முடியாது, வந்த ஒழுங்கில்தான் ஏற்ற வேண்டும், எத்தனை பேரை ஏற்றலாம் என்ற எல்லை இருக்கிறது, எல்லை இருந்தால் வரிசையும் இருக்க வேண்டும் என்று நிதானமாக, கண்ணியமாக, கோப்பில் ஒரு பந்தி எழுதுவது போலப் பேசினேன். குதிரை பார்க்கவே இவ்வளவு தூரம் வந்தோம் என்பதையும் கடைசியில் சேர்த்தேன். அவர் வாதாடவில்லை. எங்கள் பெயரை முதலாவதாக எழுதி, கையால் படகைக் காட்டினார். மனைவியைப் பிடித்து ஏற்ற இரண்டு பேர் உதவ வேண்டியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தோம். மிதவை அங்கியை அவளுக்கு மாட்டிவிட்டேன். அவள் தண்ணீரைப் பார்த்தாள். அவ்வளவு தட்டையான தண்ணீரை, மலை எதுவும் மறைக்காத வானத்தை, அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் வெற்றி பெற்ற களைப்பில் இருந்தேன்.

படகு நிறைந்தது. ஆசிரியர்கள், மரக்கறி மூட்டைக்காரர்கள், வெள்ளைச் சீருடையில் ஒரு தாதி. கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஓர் இளம் பெண் இறங்கினாள். கையில் துணிப் பொட்டலம் போல ஒரு குழந்தை. பின்னால் அவளுடைய தாய், பெரிய பையோடு. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் பிரசவமாகி அன்றுதான் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெயர் எழுதுகிறவர் எண்ணிப் பார்த்தார். இடமில்லை. "பிள்ளை, பின்னேரப் படகிலை வாறியளோ?" என்று அவர் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. அந்தப் பெண் வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குழந்தைக்கு நிழல் கொடுத்து நின்றாள்.

என் மனைவி அங்கியின் முடிச்சை அவிழ்த்தாள்.

"என்ன செய்ற?"

"எறங்குறேன்."

"உக்காரு. நாம முறைப்படி ஏறுனோம்."

"பச்சப்புள்ளக்காரிக்கு முன் நிறுவை" என்றாள். அவள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். அந்தி நிறுவைக்குக் கொழுந்தோடு வரிசையில் எத்தனை பேர் நின்றாலும், பால்குடிக் குழந்தை உள்ளவளின் கொழுந்தை முதலில் நிறுத்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளைக்காம்பராவில் குழந்தை அழுதுகொண்டிருக்கும். இதுவும் எங்கேயும் எழுதப்படாதது. "நீங்க வேணும்னா ஒங்க முறையோட போயிட்டு வாங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். முன் வரிசையில் இருந்த ஓர் ஆசிரியர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு பேர் வந்திருந்தார்கள். நாங்களும் இரண்டு பேர். கணக்கு அவ்வளவு துல்லியமாக இருந்தது. நானும் இறங்கினேன்.

ஏறும்போது அந்தப் பெண், "அம்மா, நீங்கள் என்னத்துக்கு இறங்கிறியள்? தூரத்திலையிருந்து வந்தனீங்கள் போலை" என்றாள். என் மனைவி குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "காலு சில்லுனு இருக்கு, சுத்தி வச்சுக்க" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண்ணின் தாய் எங்கள் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

படகு போனது. மாலைப் படகில் போனால் மறுநாள்தான் திரும்ப முடியும். எங்களுக்கு மறுநாள் கிடையாது. கோப்பைத் திறந்து பார்த்தேன், மூடினேன். மனைவி துறைக் கல்லில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன ரொட்டியையும் சம்பலையும் பிரித்து எனக்கு நீட்டினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சாப்புடுங்க. காத்துல காஞ்சிடும்" என்றாள்.

அன்று மாலை, யாழ்ப்பாணத்தில் நாங்கள் தங்கிய இடத்தில் இருந்தபோது ஒரு வீடியோ அழைப்பு வந்தது. அந்தப் பெண்ணின் தாய். நாங்கள் குதிரை பார்க்க வந்தவர்கள் என்று பெயர் எழுதுகிறவர் சொல்லியிருக்கிறார். கைபேசியைப் பிடித்தபடி அவர் வெட்டவெளியில் நடந்துகொண்டிருந்தார். சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. மண்ணிறத்தில் நான்கு குதிரைகள், ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்தது. என் மனைவி திரையை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு, "இதுங்களுக்குப் பேர் போட ஒரு கணக்குப்பிள்ளை கூட இல்லையாங்க?" என்று கேட்டாள். "கணக்குப்பிள்ளையோ? அது ஆரம்மா?" என்றது அந்தப் பக்கம். தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுகிறவர்தான் கணக்குப்பிள்ளை; அவரைத் தெரியாத ஊரும் உண்டா என்று இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்து நிமிடத்தில் தொடர்பு போய்விட்டது. அவள் பார்த்தது அவ்வளவுதான். பிறகு இரண்டு முழங்காலுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்தாயிற்று. இப்போது வீட்டுக்குள் நன்றாக நடக்கிறாள். படகு இனி இல்லை. அதைப் பற்றி அவள் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தக் காலையில் நான் வாதாடாமல் ஓரமாக நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஊர்ச்சனம் ஏறிய பிறகு மிஞ்சிய இரண்டு இடமும் அந்தப் பெண்ணுக்கும் தாய்க்கும் போயிருக்கும், அப்போதும் எங்களுக்கு இடம் கிடைத்திருக்காது. அந்தப் பெண் மட்டும் வெயிலில் நின்றிருக்க மாட்டாள். என் மனைவி முடிச்சை அவிழ்த்திருக்க வேண்டியதில்லை. நான் ஓய்வு பெறும் முன் கடைசிப் பதினொரு வருடமும் உட்கார்ந்திருந்தது பிறப்புப் பதிவுக் கருமபீடத்தில், அதாவது கவுண்டரில். அந்தப் பதினொரு வருடமும், உங்களுக்கு முன் வந்தவர் இருக்கிறார் என்று தினமும் யாரிடமாவது சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லி நான் காக்க வைத்தவர்களில் கையில் குழந்தையோடு நின்ற ஒருவரைக் கூட என்னால் நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை என்பதுதான், அந்தப் படகை விட இன்றும் என்னை அதிகம் உறுத்துகிறது.