ரப்பர் புகை ஏறிய சுருட்டுப் பெட்டி

தேவதாரு மரத்தில் செய்த பெட்டி அது. பாடப்புத்தகம் அளவுதான் இருக்கும். மூடியில் சின்னப் பித்தளைக் கொண்டி. உள்ளே பத்துச் சுருட்டுகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் கனத்தில், எண்ணெய் பூசியது போல மினுங்கும் கறுத்த இலையோடு. என் அக்காளின் கணவர், எனக்கு அத்தான், வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலின் சுருட்டு அறையில் வேலை பார்த்தார். வருகிற சுருட்டைக் குடித்துப் பார்த்து, எது எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்வதுதான் வேலை. எங்கள் ஊர் பாறசாலையில், அதுவும் புகையிலையைப் பாவம் என்னும் எங்கள் கிறிஸ்தவ சபையில், இதை வெளியே சொல்ல முடியுமா? ஓட்டல் உத்தியோகம் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ஒரு விடுமுறை முடிந்து போகும்போது பெட்டியை என்னிடம் தந்தார். "மக்கா, உனக்க அக்கா கண்டா அடுப்பில போடுவா. நீ வச்சுக்கோ. ஈரம் படப்பிடாது, உணங்கவும் பிடாது. அடுத்த லீவுக்கு வந்து குடிப்பேன், கேட்டியா."

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. ஒரு சுருட்டு முடிய ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்காரும் மனிதரை எனக்குப் பிடித்துப் போனதே ஆச்சரியம்தான். தீ வைப்பதற்கு முன்பே வெறுமனே ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். பிறகு தீக்குச்சியை அருகே காட்டி, சுருட்டை மெல்ல உருட்டி, முனை முழுக்கச் சிவக்கும்வரை காத்திருப்பார். புகையை விழுங்க மாட்டார். வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மூக்கு வழியே விடுவார். "முதல்ல நல்லமிளகு. பாதி ஆகும்போ காப்பி. கடைசில கருப்பட்டி கரிஞ்ச மாதிரி. கனமுள்ள சுருட்டுண்ணா காரம் எண்ணு அர்த்தமில்ல, வாய் நிறையணும். கஞ்சித்தண்ணிக்கும் பாயசத்துக்கும் உள்ள வித்தியாசமாக்கும்." முடிந்ததும் நசுக்கி அணைக்க மாட்டார், தானாக அணைய விடுவார். நானோ அதற்குள் மூன்று தடவை வீட்டைச் சுற்றி வந்திருப்பேன்.

பெட்டியை என் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பெண்கள் என் அறையிலும் வந்து உட்காருவார்கள் என்று கடைசி நிமிடத்தில்தான் தெரிந்தது. புகையிலை மணத்தை எங்கே ஒளிப்பது? வாசனையை மறைக்க அதைவிடப் பெரிய வாசனைதான் வேண்டும் என்று என் புத்தி சொன்னது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்கு ஓடி, மேல்தட்டில் பெட்டியை வைத்துவிட்டு வந்தேன். ரப்பர் விளையும் ஊர்க்காரிக்குத்தான் இந்த யோசனை வரும். கூட்டம் முடிந்தது, நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வந்தது, பெட்டியை மறந்தே போனேன். மூன்று வாரம் அப்பா அங்கே தினமும் தீ மூட்டியிருக்கிறார். எடுத்துப் பார்த்தபோது ஷீட்டின் அந்தப் புளித்த, கரிந்த நாற்றம் பெட்டிக்குள் குடியேறியிருந்தது. காற்றில் வைத்தேன், வெயிலில் வைத்தேன். போகவில்லை. யாரிடமும் சொல்லாமல் பழைய இடத்திலேயே வைத்தேன்.

அடுத்த விடுமுறைக்கு அத்தான் மெலிந்து வந்தார். அங்கே ஒரு காய்ச்சல் வந்து மூக்கில் மணமே இல்லாமல் போயிருக்கிறது. இப்போது திரும்பிவிட்டது என்றார். ஓட்டல்காரர்கள் இரண்டு வழி சொல்லியிருந்தார்கள். தங்க வருபவர்களின் பெட்டி படுக்கையை வாங்கி வைக்கும் கவுண்டருக்கு மாறிக்கொள்ளலாம், சம்பளம் குறைவு. அல்லது பழைய வேலையே வேண்டுமென்றால் மூன்று சுருட்டைக் குடித்துச் சரியாகச் சொல்லிக் காட்ட வேண்டும். தவறினால் ஊருக்கு விமானம். "நமக்க பெட்டிய எடு மக்கா, பாத்துருவோம்" என்றார்.

அம்மாவை அக்காள் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டக் கூட்டிப்போயிருந்த மத்தியானம். ரப்பர் மரங்களுக்கு நடுவே நாற்காலி போட்டோம். கொண்டியைத் திறந்து முகத்தருகே கொண்டுபோனார். திட்டு விழப்போகிறது என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் சிரித்தார். விரலால் உருட்டி, "இத்திரி உணங்கிப் போச்சு" என்றார். கொஞ்சம் காய்ந்தது மட்டும்தான் குறை, நாற்றத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தீ வைத்தார். நான் புகை வராத பக்கம் நகர்ந்தேன். அவர் கண்ணை மூடி, "நல்லமிளகு" என்றார். கொஞ்ச நேரத்தில் "காப்பி" என்றார். நான் பொறுக்க மாட்டாமல் அவர் கையிலிருந்து பிடுங்கி ஒரு இழுப்பு இழுத்தேன். வாய் முழுக்க ரப்பர் ஷீட்.

"எப்படி உண்டு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால் என் குற்றமும் வெளியே வரும், அவர் மனமும் உடைந்துபோகும். இதில் எதற்குப் பயந்தேன் என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியவில்லை. "நீங்க சொன்னது சரியாக்கும் அத்தான்" என்றேன்.

அவர் கவுண்டர் வேலையை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டுப் பரீட்சைக்கு விமானம் ஏறினார். மூன்று சுருட்டில் ஒன்றை வேண்டுமென்றே பூசணம் பிடித்ததாக வைத்திருந்தார்களாம். அதற்கும் நல்லமிளகும் காப்பியும் சொல்லியிருக்கிறார். அந்த மாதமே ஊர் வந்து சேர்ந்தார். இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு பர்னிச்சர் கடையில் நிற்கிறார். மணம் இன்னும் வரவில்லை.

போன வாரம் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனேன். வழியில் ரயில் கேட் அடைத்திருந்தது. முகம் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில், ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே புகைப்புரைக் கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். ரயில் கடந்துபோனது.

"பெட்டி திறந்தப்பமே எனக்கு ஒரு மணமும் வரல்ல மக்கா" என்றார் பிறகு. "மனசில உள்ளதயாக்கும் சொன்னேன். மூக்கு உள்ள ஒருத்தி கண்டுபிடிப்பாளா எண்ணு பாக்கத்தான் உன்ன கூட நிறுத்தினேன். நீ சரி எண்ணு சொன்ன. அந்தத் தைரியத்தில போனேன்."

அழக்கூட முடியவில்லை, கேட் திறந்து பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. சந்தையில் அவர் ஒன்றும் நடக்காதது போல ஒரு சூரை மீனைத் தூக்கிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார், விரலால் அழுத்தினார், பிறகு செவுளைப் பிளந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இப்ப கரைக்கு வந்த மீனாணு" என்றாள் கடைக்காரி. அத்தான் என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாறுது அத்தான், வேண்டாம்" என்றேன், அவளுக்கும் கேட்கும்படி.